ஊர் வழிகாட்டியை நாமே அச்சிட்டு விற்பது எப்படி? ஃபாரம் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஏற்காட்டுக்கு ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் எழுதி, சேலத்தில் அச்சடித்து, நானே விற்றுக்கொண்டிருக்கிறேன். "எங்க ஊருக்கும் ஒண்ணு போடணும்" என்று கேட்பவர்களுக்காக இது. எழுதி முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. தகவலைப் பிரியுங்கள்

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த கதை, ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவி கொட்டும் என்பது: இவையெல்லாம் மாறாத சரக்கு. பஸ் நேரம், படகுக் கட்டணம், விடுதி போன் நம்பர், மண் சரிந்தால் குப்பனூர் வழியாக எப்படிச் சுற்றி வருவது என்பதெல்லாம் அடுத்த சீசனுக்குள் பழசாகிவிடும். இரண்டையும் கலந்து எழுதியிருந்தால், இப்போதே பிரித்துவிடுங்கள்.

2. ஃபாரம் கணக்கு

ஃபாரம் என்பது இரு பக்கமும் அச்சடித்து மடிக்கும் பெரிய தாள். ஒரு ஃபாரம் 16 பக்கம். 48 பக்கப் புத்தகம் என்றால் மூன்று ஃபாரம். சென்டர் பின் (நடு மடிப்பில் பின்) அடிக்கும் புத்தகத்தில் ஃபாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்படும். வெளி ஃபாரத்தில் 1 முதல் 8 வரையும் 41 முதல் 48 வரையும் வரும். அதற்கடுத்ததில் 9 முதல் 16, 33 முதல் 40. நடு ஃபாரத்தில் மட்டும்தான் 17 முதல் 32 வரை தொடர்ச்சியாக வரும். மாறும் தகவல் மொத்தத்தையும் அந்த 16 பக்கத்துக்குள் அடக்குங்கள்.

ஏன் இவ்வளவு பாடு? நடு ஃபாரம் தவிர மற்ற இரண்டையும் ஆயிரம் அச்சடித்து, நடு ஃபாரத்தை முந்நூறு மட்டும் அடிக்கலாம். முந்நூறு பிரதி பைண்டிங் ஆகட்டும். மிச்சம் மடித்தபடியே அட்டைப்பெட்டியில் இருக்கட்டும், ஈரம் மட்டும் படக்கூடாது. கட்டணம் ஏறினால் நடு ஃபாரத்தை மட்டும் திருத்தி அடித்து, அடுத்த முந்நூறைச் சேர்க்கலாம். பழைய விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிய வழிகாட்டியை எவர் நம்புவார்?

ஒரு எச்சரிக்கை. உள்ளே போகப்போகத் தாள் வெளியே துருத்தும். ஓரம் வெட்டும்போது நடு ஃபாரம்தான் அதிகம் அடிபடும். அங்கே வெளி மார்ஜின் அரை அங்குலமாவது விடுங்கள். பஸ் அட்டவணையின் கடைசிப் பத்தியை ஓரத்துக்குத் தள்ளவே தள்ளாதீர்கள்.

முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் பார்க்க அழகுதான். ஆனால் பைக் டேங்க் மேல் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். வழிகாட்டிக்கு சென்டர் பின்தான் சரி. அட்டைக்கு மேட் லேமினேஷன் கட்டாயம். மலைப் பனியில் சும்மா அட்டை ஊறிப்போகும்.

3. தமிழ் எழுத்து உடையாமல்

அச்சகத்தில் "ஓப்பன் ஃபைல் குடுங்க" என்பார்கள், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பு. கொடுக்காதீர்கள். அங்கே பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும், யூனிகோடு அல்லாத தமிழ் ஃபான்டான பாமினியும் இருந்தால் உங்கள் யூனிகோடு அதில் வேலை செய்யாது. எழுத்துரு மாற்றியில் போட்டு பாமினிக்குக் கொண்டுபோனால், 'ஏடிஎம்' என்று ஆங்கிலத்தில் அடித்தது ஏதோ மூன்று தமிழ் எழுத்தாகி நிற்கும். ஃபான்ட் பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள்.

பக்கம் அமைக்க இன்டிசைன் மென்பொருள் வைத்திருந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்காரும். இல்லையென்றால் புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். எனக்குப் பிடித்தது லிப்ரே ஆபீஸ் ரைட்டர், நோட்டோ செரிஃப் தமிழ். காசும் இல்லை, வம்பும் இல்லை. பிடிஎஃப் ஆனதும் 'கொண்டப்பநாயக்கன்பட்டி', 'ஸ்ரீ', 'லௌகீகம்' மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். இவை சரியென்றால் பெரும்பாலும் எல்லாம் சரி.

4. வரைபடம், ஐஎஸ்பிஎன்

கூகுள் மேப் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்; விற்பனைக்கான வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சிட அனுமதி கிடையாது. தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து வரைந்து, அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி அச்சிடுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. அட்டை வடிவமைக்கும் முன்பே விண்ணப்பியுங்கள், பார்கோடு பின்னட்டையில் வர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எண் எடுத்துத் தருகிறேன் என்பவர்களைத் தவிர்க்கலாம்.

5. விற்பனை

ஏற்காட்டில் என்றால் ஒண்டிக்கடை பகுதி, ஏரிக்கரை பக்கக் கடைகளில் பத்துப் பத்தாகக் கொடுங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்காரருக்குப் போகும் என்று வைத்தே விலை போடுங்கள்.

பின்சேர்க்கை: நடு ஃபாரம் மாறினால் புது ஐஎஸ்பிஎன் வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சில்லறைத் திருத்தத்தோடு மறு அச்சு என்றால் பழைய எண்ணே போதும். உள்ளடக்கம் கணிசமாக மாறினால் அது புதுப் பதிப்பு, புது எண். மின்னூலுக்குத் தனி எண். அப்புறம் ஜிஎஸ்டி: அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். முதல் கட்டு பைண்டிங்கிலிருந்து வந்த அன்றே அந்த நான்கையும் எடுத்து வைத்துவிடுங்கள்.