யானைக்கால் நோய்க்கு ஒரு சின்னக் கணித மாதிரி: எக்செல் போதும்

யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய எல்லோருக்கும் டிஇசி, அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். எத்தனை ஆண்டு கொடுத்தால் போதும்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: இந்த நோயின் புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் சுற்றும். ஊழியர்கள் இரவு 8 மணிக்கு மேல் வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பது அதனால்தான். அப்படிப் பார்த்ததில் 100 பேரில் 10 பேருக்குக் குஞ்சுகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். எக்செல் தாளின் முதல் கட்டத்தில் 10 என்று போடுங்கள். இதை 1-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

படி 2: மக்களில் 65% பேராவது மாத்திரை விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். விழுங்கியவர்களில் 80% பேருக்கு ரத்தம் சுத்தமாகிறது என்பது என் அனுமானம். 0.65 × 0.8 = 0.52, மிச்சம் 0.48. மேல் கட்டத்தை 0.48-ஆல் பெருக்கிக் கீழே இழுங்கள்: 4.8, 2.3, 1.1, 0.53. நாலே ஆண்டில் வேலை முடிந்தது!

அவ்வளவு சுலபமில்லை. ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல வேறு வேறு ஆட்கள் மாத்திரையைத் தவறவிடுவதாக இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று ஒவ்வொரு முறையும் மறுப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கால் வீங்காமலேயே குஞ்சுகளைச் சுமப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

படி 3: ஊரில் 15% பேர் எப்போதுமே விழுங்குவதில்லை என்று வையுங்கள். அந்தப் பத்தில் 1.5 அவர்களுடையது, அது மாறாது. மீதி 8.5-ஐ மட்டும் ஆண்டுதோறும் 0.388-ஆல் பெருக்குங்கள் (மொத்தம் 65% வர, மற்றவர்களில் 76.5% பேர் விழுங்க வேண்டும்). இரண்டையும் கூட்டினால் 4.8, 2.8, 2.0, 1.7. முதல் ஆண்டில் இரண்டு கணக்குக்கும் வித்தியாசமே தெரியாது, கவனித்தீர்களா? ஆனால் இது 1.5-க்குக் கீழே இறங்கவே இறங்காது.

படி 4: 15-ஐ 5 ஆக்கி (பெருக்கும் எண் 0.453), மொத்தம் அதே 65% இருக்கட்டும். நாலாம் ஆண்டில் 0.9.

கொசு வழியாக வரும் புதுத் தொற்றையும், முதிர்ந்த புழு தானாகச் சாவதையும் இங்கே விட்டுவிட்டேன். இவற்றையெல்லாம் சேர்த்து, புதுச்சேரியில் திரட்டிய தரவுகளை வைத்து உருவானது லிம்ஃபாசிம் என்ற மாதிரி.

அப்புறம், கணக்கெடுப்புப் படிவத்தில் "இந்த ஆண்டு விழுங்கினீர்களா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "இதுவரை ஒருமுறையாவது விழுங்கியிருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். படி 3-க்குத் தேவையான எண் அதில்தான் கிடைக்கும்.