வெனீர் பொருத்தும்போது வலியையும் பல் கூச்சத்தையும் சமாளிப்பது எப்படி?

முன்பற்களின் கறையையோ இடைவெளியையோ மறைக்க, பல்லின் முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரைப் பொருத்திக்கொள்ள விரும்புகிறவர்கள்கூட, பல்லை ராவுவார்கள் என்று கேட்டதும் தயங்கிவிடுகிறார்கள். பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பு கிடையாது என்பதால், அதில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவுவதால் மட்டும் வலி வருவதில்லை. ராவுதல் அதற்கும் கீழே இறங்கி டென்டினைத் தொட்டால்தான், அதிலுள்ள நுண்குழாய்களின் வழியே குளிர்ச்சி நரம்பை எட்டிப் பல் கூசுகிறது. மேல்வரிசையில் ஆறு பற்களுக்கு வெனீர் பொருத்திக்கொண்ட எனக்கு, மருத்துவரின் நாற்காலியில் இருந்த நேரத்தைவிட, தற்காலிக உறையோடு வீட்டில் இருந்த நாட்களே சிரமமாக இருந்தன.

படி 1: நாள் குறிக்கும் முன்

ஏற்கெனவே பல் கூசுகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா, இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சம் உள்ளவர்கள் 5% பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே காலையும் இரவும் பயன்படுத்துவது நல்லது. பல்லை ராவும் நாளன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசி போட்டதும் மயக்கம் வருவதற்குப் பயமும் பசியும் சேர்ந்துகொள்வது பெரும்பாலும் காரணமாகிவிடுகிறது.

படி 2: மரத்துப்போகும் ஊசி

ஊசிக்கு முன் ஈறில் தடவும் ஜெல் வேலை செய்ய ஓரிரு நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு, மருந்தை மெதுவாகச் செலுத்தும்படி கேட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் மருந்து வேகமாக உள்ளே போகும்போது உண்டாகும் அழுத்தமே வலியில் பெரும்பகுதி. மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகைனோடு அட்ரினலின் கலந்திருந்தால் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கக்கூடும். அது தானே அடங்கிவிடும், ஆனால் இதய நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்திருக்கும்போது பேச முடியாதாகையால், இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தற்காலிக உறையோடு இருக்கும் நாட்கள்

ராவிய பிறகு வெனீர் தயாராகி வர ஓரிரு வாரங்கள் ஆகலாம்; அதுவரை ராவிய பற்களைத் தற்காலிக உறையால் மூடிவைப்பார்கள். முதல் சில மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். நான் பொறுமையில்லாமல் அன்று மாலையே டபராவில் ஆற்றாத காபியைக் குடித்து, மரப்பு விலகிய பிறகுதான் மேலுதடு வெந்திருப்பதைக் கண்டேன். பிறகு ஒரு வாரம் இட்லியும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்காத தயிர்சாதமுமே எனக்கு ஒத்துக்கொண்டன. முறுக்கும் கரும்பும் உறையைப் பெயர்த்துவிடும். மஞ்சள் தூக்கலான குழம்பு அதில் கறையாக ஏறும். ஈறு எரிந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் போதும். ஐபுபுரூஃபென் எடுப்பதாக இருந்தால் சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பல்வலி என்றதும் வீட்டிலுள்ள பெரியவர்கள் நீட்டும் கிராம்புத் தைலத்தை இந்த நாட்களில் மறுத்துவிடுங்கள், ஏனெனில் அதிலுள்ள யூஜினால் பின்னர் வெனீரை ஒட்டும் ரெசின் சரியாக இறுகுவதைக் கெடுக்கும். உறை கழன்று விழுந்தால் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள்.

படி 4: ஒட்டும் நாள்

உறையை எடுத்ததும் நீரும் காற்றும் படுவதால் சுரீரென்று கூசும். தாங்க முடியாவிட்டால் மீண்டும் ஊசி கேட்கலாம். ஒட்டியபின் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லிக் கடியைச் சரிபார்ப்பார்கள். வாய் மரத்திருந்தால் உங்களுக்கே சரியாகத் தெரியாது. எனக்கு மறுநாள் காலை தோசையைக் கடித்தபோதுதான் ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு இடிப்பது புரிந்தது. திரும்பிப் போய் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துகொண்டேன்.

படி 5: எப்போது காத்திருக்கலாம், எப்போது போக வேண்டும்

குளிர்ந்த நீர் பட்டுச் சில நொடிகளில் அடங்கும் கூச்சம் நாட்போக்கில் குறைந்துவிடும். ஆனால் சூடானதைக் குடித்த பிறகு வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, இரவில் விண் விண்ணென்று தெறித்தாலோ, ஈறு வீங்கினாலோ, பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் உயிர்க்கூழ் அழற்சியடைந்தோ தொற்றுக்குள்ளாகியோ இருக்கலாம்; மாத்திரையால் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுள்ளவர்கள், இரவில் அணியும் பற்காப்பு உறைக்கும் ஒட்டும் நாளிலேயே அளவு கொடுத்துவிடலாம்.