கார் கணவர் பெயரில், ஓட்டுவது நான்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வாகன இன்சூரன்ஸ்

பிரிட்டனுக்கு வந்த நான்காவது மாதம் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். பேரம் பேசியவர் கணவர் என்பதால், விற்றவர், வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் அவர் பெயரையே பதிந்துவிட்டு, வி5சி என்னும் பதிவுச் சான்றிதழிலிருந்து பச்சை நிறத் துண்டுச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். இன்சூரன்ஸ் இல்லாமல் காரைத் தெருவில் ஓட்டக்கூடாது. எனவே விற்றவர் வீட்டு வாசலிலேயே நின்று ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். காரை ஓட்டப் போவது நான்தான். எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை, அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கணவர் ரயிலில் போய்வருபவர். ஆனால் சீட்டில் இருப்பது அவர் பெயர். "கார் கணவர் பெயரில் இருக்கிறது, பாலிசியை நான் எடுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் அதற்குப் பதில் சொல்லாமல், "அதிகம் ஓட்டப் போவது யார்?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளக் கூடியவைதான். புதிதாக வரும் நம்மவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தடுமாற்றத்துக்குக் காரணம் ஊரிலிருந்து நாம் கொண்டுவரும் பழக்கம். இந்தியாவில் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயரோ அவர் பெயரில்தான் இன்சூரன்ஸ். அப்படி எடுத்துவிட்டால், லைசென்ஸ் உள்ள யாரும் உரிமையாளர் சம்மதத்தோடு அந்த வண்டியை ஓட்டலாம். அங்கே காப்பீடு வண்டியோடு போகிறது. இங்கே அது ஆளோடு போகிறது. சான்றிதழில் பெயர் இருப்பவர்தான் ஓட்டலாம். பெயர் இல்லாதவர் கணவரே ஆனாலும், காரை வாங்கப் பணம் கொடுத்தவரே ஆனாலும், ஓட்டினால் அது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

நான்கு பெயர்கள்

ஒரு காரைச் சுற்றி இங்கே நான்கு இடங்களில் பெயர் வருகிறது. காரின் உரிமையாளர், பதிவு பெற்ற பராமரிப்பாளர் (காருக்குப் பொறுப்பானவர் என்று டி.வி.எல்.ஏ.வில் பதிவானவர்), பாலிசிதாரர், முதன்மை ஓட்டுநர் (அதிகம் ஓட்டுபவர்). நான்கும் ஒரே ஆளாக இருக்கலாம், நான்கும் வேறு வேறாகவும் இருக்கலாம்.

வி5சியில் இருப்பது பராமரிப்பாளரின் பெயர். இது உரிமைக்கான சான்று அல்ல என்று அந்த ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஆர்.சி. புத்தகம்போல் அதை நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். அதில் ஒரு பெயர்தான் இடம்பெறும், கணவன், மனைவி இருவரையும் சேர்த்துப் பதிய முடியாது. தவணைக் கடனில் வாங்கிய காராக இருந்தால், கடன் முடியும்வரை உரிமையாளர் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனமாகவே இருக்கும், பராமரிப்பாளர் நீங்கள். இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் உரிமையாளர் யார், பராமரிப்பாளர் யார் என்று தனித்தனியாகக் கேட்பது இதற்காகத்தான். "கணவர்" அல்லது "துணைவர்" என்று தேர்ந்தெடுக்க அங்கேயே இடம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். துணைவர் பெயரில் உள்ள காருக்குப் பாலிசி தரப் பெரும்பாலான நிறுவனங்கள் தயாராக இருக்கின்றன. பாலிசிதாரரே பராமரிப்பாளராக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. அவர்கள் மறுத்தால் அடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள். அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

இன்சூரன்ஸுக்காகவே வி5சியில் பெயரை மாற்றுவதும் பெரும்பாலும் தேவையில்லாத வேலை. மாற்றக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2014 அக்டோபரிலிருந்து வாகன வரி புதிய பராமரிப்பாளருக்குக் கைமாறுவதில்லை, கணவனிடமிருந்து மனைவிக்கு மாற்றினாலும் புதிதாகக் கட்ட வேண்டும். முந்தைய பராமரிப்பாளர்களின் எண்ணிக்கையிலும் ஒன்று கூடிவிடும். நாளை விற்கப் போகும்போது வாங்குபவர் அதைப் பார்ப்பார்.

முதன்மை ஓட்டுநர் யார்?

விஷயத்தின் மையம் இதுதான். நம் வீடுகளில் கேஸ் இணைப்பு, மின்சார பில், வண்டி எல்லாம் ஆண் பெயரில் இருப்பது வழக்கம். அதே வழக்கத்தில், தினமும் மனைவி ஓட்டும் காருக்குக் கணவரை முதன்மை ஓட்டுநர் என்றும் மனைவியைக் கூடுதல் ஓட்டுநர் என்றும் எழுதிவிடுகிறார்கள். கணவருக்குப் பிரிட்டிஷ் லைசென்ஸ் கிடைத்திருந்து, மனைவி இன்னும் ஊர் லைசென்ஸில் ஓட்டுகிறார் என்றால் பிரீமியமும் குறையும். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று நண்பர்களும் சொல்வார்கள். இதற்கு இங்கே ஃப்ரண்டிங் என்று பெயர், இது மோசடி.

2012இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது நம் கடமை. கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தால், நாம் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தில் எந்த அளவு கட்டினோமோ அந்த விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் பாலிசியையே ரத்து செய்து, ஒரு காசும் தராமல், கட்டிய பிரீமியத்தையும் பொதுவாக அவர்களே வைத்துக்கொள்ளலாம். விபத்தில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க நேர்ந்த பணத்தை நம்மிடமே திரும்பக் கேட்கவும் வழி உண்டு. அத்தோடு முடிவதில்லை. "இதற்கு முன் உங்கள் பாலிசியை யாரேனும் ரத்து செய்திருக்கிறார்களா?" என்று அடுத்தடுத்த நிறுவனங்கள் கேட்கும். அந்தப் பதில் பல ஆண்டுகளுக்குப் பிரீமியத்தை ஏற்றிவிடும்.

நேர்மையாகவே பிரீமியத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முதன்மை ஓட்டுநர் யார் என்பதை மாற்றாமல், பாலிசியை முதலில் மனைவி பெயரிலும் பிறகு கணவர் பெயரிலும் போட்டு விலை கேட்டுப் பாருங்கள். பாலிசிதாரர் ஒருவர், முதன்மை ஓட்டுநர் இன்னொருவர் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பாலிசி எடுப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. எப்போதாவது உண்மையாகவே ஓட்டக்கூடிய துணைவரைச் சேர்ப்பதும் சில நேரம் தொகையைக் குறைக்கும். பெண் பெயரில் எடுத்தால் மலிவு என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்பதை வைத்துப் பிரீமியம் கணக்கிட அனுமதி இல்லை. அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பாலிசி யார் பெயரில் என்பதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி பாலிசிதாரருக்குத்தான் சேரும். கூடுதல் ஓட்டுநராக ஐந்து ஆண்டு ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருந்தாலும், நாளை தனிக் கார் வாங்கும்போது பல நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் சேர்த்த தள்ளுபடியையும் பெரும்பாலானவர்கள் ஏற்பதில்லை. ஆகவே தினமும் ஓட்டுபவர் மனைவி என்றால், முதல் ஆண்டிலிருந்தே அவர் பெயரில் பாலிசி இருப்பது அவருக்கு ஒரு சேமிப்பு. என் கணவர் இதை உடனே ஒப்புக்கொண்டார். சில வீடுகளில் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கும். பேசுங்கள்.

"இன்று ஒரு நாள் நான் ஓட்டுகிறேன்"

மனைவிக்குக் காய்ச்சல், மருந்துக் கடை இரண்டு மைல், கணவர் சாவியை எடுக்கிறார். பாலிசியில் அவர் பெயர் இல்லை. வி5சியில் இருக்கிறதே என்றால், அது இங்கே உதவாது. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இது இன்சூரன்ஸ் இல்லாத பயணம். பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. காரைப் போலீஸ் பறிமுதல் செய்யலாம். இங்கே முதல் லைசென்ஸ் பெற்று இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகிவிடும், எழுத்துத் தேர்விலிருந்து எல்லாம் மறுபடி. இன்சூரன்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் தனிக் குற்றம் என்பதால் சாவி கொடுத்தவரும் மாட்டுவார்.

"பிற கார்களை ஓட்டலாம்" என்று ஒரு வரி சில பாலிசிகளில் இருக்கும். அதைத் துணைவரின் காருக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். துணைவருக்குச் சொந்தமான காரைப் பல பாலிசிகள் அந்த வரியிலேயே விலக்கிவிடுகின்றன. விலக்காவிட்டாலும் பொதுவாக எதிர்த்தரப்பின் சேதத்துக்கு மட்டும்தான் காப்பு. ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ தற்காலிக இன்சூரன்ஸ் கிடைக்கிறது, அல்லது போன் செய்து பெயரைச் சேர்த்துவிடலாம். சில நிமிட வேலை.

பெயர் இருப்பவருக்கு வரும் கடிதங்கள்

பாலிசி மனைவியுடையது என்றாலும், வி5சியில் பெயர் உள்ள கணவருக்கென்று சில பொறுப்புகள் உண்டு. தவணை தவறி மனைவியின் பாலிசி ரத்தானால், கார் வீட்டு முன் சும்மா நின்றாலும், எச்சரிக்கைக் கடிதமும் 100 பவுண்ட் அபராதமும் பராமரிப்பாளருக்கே வரும். காரைச் சாலையில் பயன்படுத்துவதில்லை என்று முறைப்படி அறிவித்திருந்தால் மட்டுமே விலக்கு.

வேகக் கேமராவில் சிக்கினாலும் கடிதம் அவர் பெயருக்குத்தான். 28 நாளுக்குள் யார் ஓட்டினார் என்று எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அதற்கே 6 புள்ளி. ஒருவருக்காக இன்னொருவர் புள்ளியை ஏற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரவே கூடாது. 2003இல் நடந்த ஒரு வேக மீறலுக்கு மனைவி தன் பெயரைக் கொடுத்த விவகாரத்தில், முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனும் அவருடைய முன்னாள் மனைவியும் 2013 மார்ச்சில் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

போன் செய்யும் முன்

பெயரை லைசென்ஸில் உள்ளபடியே கொடுங்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இனிஷியல் விரிந்தும் சுருங்கியும், ஆவணத்துக்கு ஆவணம் நம் பெயர் மாறுவதுண்டு. கணவன், மனைவி குடும்பப் பெயர்கள் வேறாக இருப்பதில் இங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. லைசென்ஸில் ஒன்று, பாலிசியில் வேறு என்று இருப்பதுதான் இழப்பீடு கேட்கும்போது இழுத்தடிக்கும்.

எந்த நாட்டு லைசென்ஸ் என்பதை மறைக்காதீர்கள். இந்தியா, இலங்கை, மலேசியா லைசென்ஸ்களில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதன்பின் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் லைசென்ஸை மட்டும் பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியும். பன்னிரண்டு மாதம் கடந்து ஓட்டினால் பாலிசியின் நிபந்தனையும் மீறப்பட்டுவிடும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவிக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் விதி உண்டு: அவருக்கு 21 வயதாகி, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய லைசென்ஸ் மூன்று ஆண்டாக இருக்க வேண்டும். ஊரில் இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் இதில் சேராது.

எதற்காக ஓட்டுகிறீர்கள் என்ற கேள்வியையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். வேலைக்குப் போய்வருவதை விட்டுவிட்டுக் குடும்பப் பயன்பாடு என்று மட்டும் சொன்னால், ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்குப் பணம் வராமல் போகலாம். ரயில் நிலையம்வரை ஓட்டிப்போய் நிறுத்துவதையும் பெரும்பாலான நிறுவனங்கள் வேலைப் பயணமாகவே எடுத்துக்கொள்கின்றன. மாலையில் உணவு டெலிவரி செய்யும் மாணவர்களுக்கு இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும்: சாதாரணப் பாலிசியில் அதற்குக் காப்பே இல்லை, தனியாக எடுக்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் பாதி விலைக்குப் பாலிசி எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் கொடுப்பது போலிச் சான்றிதழ், அல்லது உங்கள் விவரங்களைத் திரித்து வாங்கிய பாலிசி. கார் பறிபோகும்போதுதான் தெரியவரும்.

அன்று அந்த வாசலில் நின்று போன் பேசி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும், ஓட்டுநர்கள் என்ற இடத்தில் என் பெயரும் கணவர் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று இருவரும் சேர்ந்து படித்தோம். பிறகு பச்சைச் சீட்டில் இருந்த 12 இலக்க எண்ணைக் கொடுத்து வாகன வரியைக் கட்டினோம். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.