பச்சைப் புள்ளி தெரிஞ்சா புரோட்டீன் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல

இன்சுலின், மார்பகப் புற்றுநோய்க்குக் குடுக்குற ட்ராஸ்டுசுமாப் மாதிரி இன்னைக்கு நோயாளிக்குப் போற புரோட்டீன் மருந்துங்க பெரும்பாலும் செல்லுக்கு வெளியிலயோ அதோட மேற்பரப்புலயோதான் வேலை செய்யுது. சவ்வைத் தாண்டி உள்ள போக அதுக்கு வழி கிடையாது, அதனாலதான் நானோபார்ட்டிகிள்ங்கிற நுண்துகள்ல ஏத்தி அனுப்பலாம்னு இத்தனை லேப்ல மெனக்கெடுறாங்க. ஆனா புதுசா இந்த ப்ராஜெக்ட் எடுக்குற பசங்க திரும்பத் திரும்ப ஒரே இடத்துலதான் வழுக்குறாங்க.

புரோட்டீன்ல பச்சையா ஒளிர்ற டை ஒட்டி கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்ல படம் எடுப்பாங்க, நடுவுல நீல நியூக்ளியஸ், சுத்தி பச்சைப் புள்ளி, உடனே டெலிவரி சக்சஸ்னு ஸ்லைடு போட்டுடுவாங்க. அந்தப் புள்ளியைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. புள்ளி புள்ளியா இருக்குன்னாலே அது எண்டோசோம் பைக்குள்ள அடைபட்டுக் கிடக்குன்னு சந்தேகப்படணும். செல் பார்ட்டிகிளை ஒரு பையில போட்டு விழுங்குது, அந்தப் பை உள்ள போகப் போக பிஹெச் 6, 5-னு இறங்கி கடைசில லைசோசோம்ங்கிற செரிமானப் பையில என்சைம் எல்லாம் சேர்ந்து உங்க புரோட்டீனை வெட்டித் தின்னுடுது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கிற கதைதான். 2013-ல லிப்பிட் நானோபார்ட்டிகிள்ல எஸ்ஐஆர்என்ஏ-வை (ஜீனை அடக்குற குட்டி ஆர்என்ஏ) ஏத்தி எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பார்த்தப்போ பையை விட்டு வெளிய வந்தது வெறும் 1-2 சதவீதம். டிஎன்ஏ-வை வெட்டுற காஸ்9 மாதிரி 160 கிலோடால்டன் புரோட்டீன் அதைவிட எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுக்கோங்க.

அதனால படத்தை நம்பாம வேலையை நம்புங்க. சைட்டோசாலுக்கு (பைக்கு வெளிய இருக்கிற செல் திரவம்) வந்தா மட்டுமே பலன் காட்டுற புரோட்டீனா எடுங்க, சாபோரின்ங்கிற நச்சுப் புரோட்டீன்னா செல் சாகணும், டிஎன்ஏ-வை வெட்டி ஒட்டுற க்ரே ரீகாம்பினேஸ்னா அதைக் காட்டிக் குடுக்குற ரிப்போர்ட்டர் செல் கலர் மாறணும். கூடவே காலி பார்ட்டிகிள், தனி புரோட்டீன், ரெண்டையும் அதே டோஸ்ல கண்ட்ரோலா வைங்க.

அடுத்தது டை. புரோட்டீன்ல எஃப்ஐடிசிங்கிற பச்சை டையை ஒட்டிட்டு ஒரு ராத்திரி டயாலிசிஸ் போட்டா மிச்ச டை எல்லாம் போயிடும்னு நானும் நம்பினேன். மூணு வாரம் கழிச்சு புரோட்டீனை அளவுவாரியா பிரிக்கிற எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டி, கூமாசி சாயம் போடுறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணேன், புரோட்டீன் பேண்டு மங்கலா இருந்துச்சு, ஜெல்லோட அடியில டை ஃப்ரண்ட்டுகிட்ட பளிச்சுன்னு ஒரு பச்சைப் பட்டை. செல்லுக்குள்ள போனது டை-யா புரோட்டீனான்னு சொல்லவே முடியல, அந்த டேட்டா மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன், இன்னைக்கும் மனசு வலிக்குது. டீசால்டிங் காலம்ல (சின்ன மூலக்கூறைப் பிரிச்சு எடுக்கிற குழாய்) விட்டு எடுத்து, ஜெல் பார்த்துட்டு அப்புறமா செல்லுக்குப் போங்க. இன்னொண்ணு, எஃப்ஐடிசி ஆசிடுல மங்கிடும், அதனால வெளிச்சம் கம்மின்னா அளவு கம்மின்னு முடிவு கட்டாதீங்க. முடிஞ்ச வரைக்கும் உயிரோட இருக்கிற செல்லுலயே படம் எடுங்க, ஏன்னா செல்லைக் கெமிக்கல் போட்டு ஃபிக்ஸ் பண்ணும்போது வெளிய ஒட்டியிருந்த டாட் பெப்டைடு (செல்லுக்குள்ள நுழையற ஹெச்ஐவி புரோட்டீன் துண்டு) நியூக்ளியஸுக்குள்ள போய் உக்காந்த மாதிரி காட்டுனதை 2003-லயே நிரூபிச்சுட்டாங்க.

சீரம் (ரத்தத்தோட திரவப் பகுதி) இல்லாத மீடியாவுல மட்டும் டெஸ்ட் பண்றது எனக்குக் கோபமே வர்ற தவறு. ரத்தத்துல போன உடனே பார்ட்டிகிள் மேல ரத்தத்துல இருக்கிற புரோட்டீனுங்க ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கும், கரோனான்னு சொல்வாங்க, நீங்க கஷ்டப்பட்டு ஒட்டின டார்கெட்டிங் லிகண்டு (வேண்டிய செல்லைத் தேடிப் பிடிக்கிற மூலக்கூறு) அதுக்கு அடியில புதைஞ்சு போயிடும். டப்ளின்ல டிரான்ஸ்ஃபெரின்ங்கிற லிகண்டை ஒட்டின பார்ட்டிகிளை வெச்சு 2013-ல இதைக் காட்டினாங்க, சீரம் சேர்த்ததும் டார்கெட்டிங் காணாம போச்சு. சில சமயம் இதே போர்வை உதவியும் செய்யும், 2018-ல அனுமதி வாங்கின பட்டிசிரான்ங்கிற எஸ்ஐஆர்என்ஏ மருந்து கல்லீரலுக்குப் போறதே ரத்தத்துல இருக்கிற ஏபோ-ஈங்கிற புரோட்டீன் வந்து ஒட்டுறதாலதான். ஆனா உங்களுக்கு வேண்டியது கேன்சர் கட்டின்னா அதே கல்லீரல்தான் வழிமறிக்கும். டொராண்டோ குழு பத்து வருஷப் பேப்பர்களை அலசி 2016-ல சொன்ன கணக்குப்படி, ஊசி போட்டதுல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது மீடியனா 0.7 சதவீதம்தான்.

பார்ட்டிகிள்ல எவ்வளவு புரோட்டீன் ஏறியிருக்குன்னு பிசிஏ டெஸ்ட் (மொத்த புரோட்டீனை அளக்கிறது) பார்த்துட்டு நிறுத்திடாதீங்க, அது செத்த புரோட்டீனையும் சேர்த்துத்தான் எண்ணும். பிஎல்ஜிஏ பாலிமர் பார்ட்டிகிள்னா புரோட்டீன் டைகுளோரோமீத்தேன் கரைப்பான், சோனிகேஷன் (ஒலி அலை அடி) எல்லாம் தாண்டி வருது, அதனால ரிலீஸ் ஆனதோட ஆக்டிவிட்டியையும் அளந்தே ஆகணும். ஈ.கோலையில செஞ்ச புரோட்டீன்னா எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) டெஸ்ட் கட்டாயம், இல்லன்னா மேக்ரோஃபேஜ்ங்கிற எதிர்ப்பு செல் ஐஎல்-6 சிக்னல் கொட்டுறதைப் பார்த்து நம்ம மருந்துதான் வேலை செய்யுதுன்னு மாசக்கணக்குல நம்பிட்டு இருப்பீங்க. காலி பார்ட்டிகிளுக்கும் அதே டெஸ்ட்டைப் போடுங்க, எண்டோடாக்சின் தண்ணியிலயும் பஃபர்லயும்கூட வந்திருக்கலாம்.