மூன்று தலைமுறையும் சேர்ந்து கௌபாய் படம் பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வயது 74, மகளுக்கு 13, நடுவில் நான். மூன்று பேரும் ஒரே படத்தைப் பாதியில் எழுந்து போகாமல் பார்ப்பது அபூர்வம். இன்றைய படங்களின் வேகம் அப்பாவுக்கு ஒத்துவராது, பழைய படங்களின் நிதானம் மகளுக்கு ஒத்துவராது. ஆனால் கௌபாய் படம் போட்டால் மட்டும் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருப்பதால், எதில் ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் ஒட்டிக்கொள்வார்கள், எதற்குப் பின்னால் எதைப் போடலாம், எதைப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் காட்டாமல் வைக்கலாம் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதல் வேலை, வீட்டில் யாருக்கு எந்த வழியாக இந்த உலகம் அறிமுகம் என்று விசாரியுங்கள். அப்பா தலைமுறைக்குப் பெரும்பாலும் அது ‘மெக்கன்னாஸ் கோல்டு’. 1969-இல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் எடுபடவில்லை, இந்தியாவில் ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப ஓடியது. பாறையின் நிழல் நீண்டுகொண்டே போய்த் தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டும் காட்சியை அப்பா இன்றைக்கும் கையால் அளந்து காட்டுவார். எனக்கு சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ், அதில் மஞ்சள் சட்டை போட்ட டெக்ஸ் வில்லர். 1948-இல் இத்தாலியில் பிறந்த பாத்திரம் அது. அமெரிக்காவைக் கற்பனை செய்த இத்தாலியர்கள் வரைந்ததை நான் தமிழில் படித்தேன், நவாஹோ பழங்குடியினரும் ரேஞ்சர் காவலர்களும் எனக்குத் தமிழில்தான் பேசினார்கள். என் மகளோ ‘மாண்டலோரியன்’ தொடர் வழியாக வந்தவள். விண்வெளி, ரோபோ எல்லாம் இருந்தாலும், தனியாக ஊருக்குள் வந்து இறங்குகிற, அதிகம் பேசாத துப்பாக்கிக்காரன் கௌபாய் படத்திலிருந்து வந்தவன்தான். ஆக மூன்று பேருக்கும் ஏற்கெனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, வருட வரிசையில் பார்க்காதீர்கள். 1903-இல் வந்த 12 நிமிட ரயில் கொள்ளைப் படத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வரலாம் என்று நானும் திட்டம் போட்டேன், இரண்டாவது வாரமே மகள் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஜோடி ஜோடியாகப் பார்ப்பதுதான் சரியான வழி. ஒரு பழைய படம், அப்புறம் அதற்குப் பதில் சொல்ல வந்த படம். கௌபாய் படங்கள் நூறு வருடம் தாண்டியும் சாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு “இல்லை, அது அப்படி இல்லை” என்று மறுத்துப் பேச, அதே குதிரையையும் அதே தெருவையும் மறுபடி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் அப்பாவுக்கும் பேத்திக்கும் நடக்கிற வாக்குவாதம் போலத்தான் அது. அதனால்தான் ஜோடியாகப் பார்த்தால் வீட்டிலும் பேச்சு தானாகக் கிளம்புகிறது.

முதல் ஜோடியாக நான் சொல்வது 1952-இன் ‘ஹை நூன்’, அதற்குப் பதிலாக வந்த 1959-இன் ‘ரியோ பிராவோ’. ‘ஹை நூன்’ வெறும் 85 நிமிடம், கறுப்பு வெள்ளை. மார்ஷலுக்கு (அந்த ஊரின் காவல் அதிகாரி) அன்று காலைதான் கல்யாணம் ஆகியிருக்கிறது, வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறார். அப்போது, அவர் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய ஒருவன் விடுதலையாகி 12 மணி ரயிலில் வருகிறான் என்று செய்தி வருகிறது. கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இந்தப் படத்தை ஞாயிறு காலை பத்தரை மணி வாக்கில் போடுங்கள், வீட்டுச் சுவர்க் கடிகாரம் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தாதுதான், ஆனாலும் திரையில் கடிகாரம் வரும்போதெல்லாம் எங்கள் மூன்று பேர் தலையும் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அப்பா இந்தப் படத்துக்கு ‘உச்சிவேளை’ என்று பெயரே வைத்துவிட்டார். உச்சிவேளையில் தனியாக வெளியே போகக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவருக்கு, ஆள் இல்லாத தெருவில் மார்ஷல் நடந்து வருவது இரண்டு மடங்கு பயமாக இருந்திருக்க வேண்டும்.

படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஊரில் நாம் இருந்திருந்தால் அவருக்கு உதவப் போயிருப்போமா? எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடியும்வரை இது ஓடியது. அதற்குப் பிறகு இந்தப் பின்கதையைச் சொல்லுங்கள், முன்கூட்டியே சொன்னால் சுவை போய்விடும். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படம் உருவாகிக்கொண்டிருந்த சமயத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார், ஹாலிவுட்டில் வேலை இல்லாமல் போய் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். தெருவில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர் எழுதிய கதை என்று தெரிந்தபின், மார்ஷல் உதவி கேட்டுப் போகும் அந்தத் தேவாலயக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

இந்தப் படம் கௌபாய் பட நடிகர் ஜான் வெய்னுக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கும் பிடிக்கவில்லை. ஒரு நல்ல ஷெரிப் (இவரும் காவல் அதிகாரிதான்) ஊரெல்லாம் ஓடி உதவி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த பதில்தான் ‘ரியோ பிராவோ’. இதில் ஒருவர் தானாக வந்து ஆட்களைத் தருகிறேன் என்றாலும் ஷெரிப் வேண்டாம் என்கிறார். குடும்பம் குட்டி உள்ளவர்கள், தொழில் தெரியாதவர்கள் எதற்கு இதில் மாட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் கூட நிற்பது ஒரு குடிகாரன், ஒரு நொண்டிக் கிழவர், மீசை முளைக்காத ஒரு பையன். 141 நிமிடம், அதனால் இடைவேளை விட்டு டீ போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு வசனமே இல்லை, அந்த நேரத்தில் யாரையும் போனை எடுக்க விடாதீர்கள், குடிகாரனின் கதை முழுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்பா ‘ரியோ பிராவோ’ கட்சி, மகள் ‘ஹை நூன்’ கட்சி. நான் இன்னும் முடிவு செய்யவில்லை, மனம் ‘ஹை நூன்’ பக்கம்தான் சாய்கிறது.

இடையில் ஒரு சின்ன விஷயம். இந்தப் படங்களில் எல்லோரும் எப்போதும் சலூனுக்குப் போகிறார்கள். நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. பிள்ளைகளிடம் அது சாராயக் கடையும் விடுதியும் கலந்த இடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கட்டம் இத்தாலிக்காரர்கள். இங்கே படத்தைவிட முதலில் டிவியைச் சரிசெய்ய வேண்டும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செர்ஜியோ லியோனியின் படங்கள் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை. டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். வீட்டுப் பெரியவர்கள் உடனே படத்தைப் பெரிதாக்கி அதை நிரப்பச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பெரிதாக்கினால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிடும், எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரில் ஒருவருடைய தோள் மட்டும்தான் தெரியும். போனில் பார்ப்பதையும் இந்தப் படங்களுக்காவது விட்டுவிடுங்கள். அப்புறம் ஒலி. என்னியோ மோரிகோனியின் இசையில் சாட்டையடி, மணி, விசில், மனிதக் குரல் எல்லாமே வாத்தியங்கள்தான். அந்தப் புகழ்பெற்ற விசில் அலெஸ்ஸாண்ட்ரோனி என்ற இசைக்கலைஞருடையது. டிவிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் இதில் பாதி வராது, வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு ஸ்பீக்கரை இணையுங்கள். வாய் அசைவும் குரலும் பொருந்தாமல் இருந்தால் உங்கள் பிரதியில் கோளாறு என்று நினைக்காதீர்கள். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி நடித்து, பிறகு ஒலி சேர்த்த படங்கள் அவை, மூலமே அப்படித்தான்.

இங்கே ஜோடி, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 1961 ‘யோஜிம்போ’வும் லியோனியின் 1964 ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ஸும். இரண்டு கும்பலுக்கு நடுவே நுழைந்து இருவரையும் மோதவிடும் ஒருவன். அங்கே சாமுராய், இங்கே கிளின்ட் ஈஸ்ட்வுட். அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஜப்பானியத் தரப்பு வழக்குப் போட்டு ஈடும் வாங்கியது. டெக்சாஸ், மெக்சிகோ எல்லை என்று நாம் நம்புகிற அந்தப் புழுதி நிலத்தில் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டில், அல்மேரியா போன்ற இடங்களில் எடுத்தது. வீட்டில் யாருக்காவது பொறுமை கம்மி என்றால் 1966-இன் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’க்கு நேராகப் போய்விடலாம், முதல் தடவைக்கு 161 நிமிடப் பதிப்பே போதும்.

1968-இன் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தை மட்டும் கொஞ்சம் பழகியபின் போடுங்கள். மூன்று பேர் ஒரு ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ஆரம்பம். இசை கிடையாது. காற்றாடி கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஈ உட்காருகிறது. அறை விளக்கை அணைத்து, மின்விசிறிச் சத்தம் முடிந்தவரை குறைத்து, முழு ஒலியில் பாருங்கள். என் மகள் “எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு ரயில் வரும்வரை அவளிடமிருந்து சத்தமே இல்லை.

பதின்ம வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் நீங்கள் தவறவிடக் கூடாத ஜோடி ‘ட்ரூ கிரிட்’, 1969-இல் ஒன்று, 2010-இல் ஒன்று. அப்பாவைக் கொன்றவனைப் பிடிக்க 14 வயதுப் பெண் ஒருத்தி ஒற்றைக்கண் மார்ஷலைக் கூலிக்கு அமர்த்துகிற கதை. பழைய படத்தில் எல்லாம் ஜான் வெய்ன்தான், அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் விருது அதற்குத்தான். கோயன் சகோதரர்களின் புதிய படத்தில் கதையை அந்தப் பெண்ணே சொல்கிறாள், நடித்த ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டுக்கு அப்போது என் மகள் வயதுதான். குதிரை வியாபாரியிடம் அவள் பேரம் பேசும் காட்சியை மகள் மூன்று தடவை பார்த்தாள். ‘ஷேன்’ படத்தையும் (1953) இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். மாட்டுப் பண்ணைக்காரனுக்கும் வேலி போட்டுப் பயிர் செய்ய வந்த குடும்பங்களுக்கும் நடக்கும் சண்டை, வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் கனமான பகுதி, இதைத் தாண்டிப் போகக் கூடாது. காமிக்ஸில் ‘செவ்விந்தியர்’ என்று நாம் படித்த அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தை இழந்த வரலாறு இந்தப் படங்களில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் வரும். இயக்குநர் ஜான் ஃபோர்ட் தன் படங்களில் பலவற்றை அரிசோனா, யூட்டா எல்லையில் உள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கில் எடுத்தார். அது நவாஹோ மக்களின் நிலம். அதே நவாஹோ மக்கள் 1939-இன் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் அப்பாச்சி என்ற வேறு பழங்குடியினராகவும், 1956-இன் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் கொமாஞ்சிகளாகவும் குதிரையில் வந்து சுடப்பட்டு விழுந்தார்கள். கொமாஞ்சித் தலைவனாக நடித்தவரோ ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர். இதையெல்லாம் படம் போடும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், 1890-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்கள் பெண்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டதையும் சொல்லுங்கள். ‘தி சர்ச்சர்ஸ்’ மிகப் பெரிய படம், ஆனால் அதன் நாயகன் மனம் முழுக்க இனவெறுப்பு. படம் அவனைக் கொண்டாடுகிறதா, குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறதா என்று வளர்ந்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். பதினைந்து பதினாறு வயதுக்குப் பிறகு காட்டுங்கள், கடைசியில் கதவு மூடும் காட்சி வரும்போது பக்கத்தில் இருங்கள். ரத்தம் அதிகம் தெறிக்கிற ‘தி வைல்டு பன்ச்’ வகைப் படங்களுக்கும் அவசரம் இல்லை.

சப்டைட்டில் வேகத்துக்கு அப்பாவால் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் ரிமோட் மகள் கையில், முக்கியமான வசனம் வந்தால் நிறுத்தி அவள் தாத்தாவுக்குத் தமிழில் சொல்வாள். ஓட்டம் தடைபடுமே என்று முதலில் எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் இந்தப் படங்களில் பேச்சு குறைவு, தலையசைப்பும் பார்வையும்தான் அதிகம் என்பதால் ஒரு படத்துக்கு இருபது முப்பது இடத்தில் நிறுத்தினால் போதும்.

கடைசி ஜோடியை மகள் தூங்கியபின் அப்பாவும் நானும் பார்த்தோம். 1964-இல் சுருட்டைக் கடித்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு பேரைச் சுட்டு வீழ்த்திய அதே ஈஸ்ட்வுட், 28 வருடம் கழித்து, தானே இயக்கிய ‘அன்ஃபர்கிவன்’ படத்தில் பன்றி மேய்க்கிறார். கைத்துப்பாக்கியால் பக்கத்திலிருக்கும் டப்பாவைக்கூடச் சுட முடியவில்லை, குதிரையில் ஏறப் போனால் குதிரை சுற்றிச் சுற்றி வருகிறது, கீழே விழுகிறார். படத்தின் முடிவில் லியோனிக்கும் இன்னொரு பழைய இயக்குநரான டான் சீகலுக்கும் பெயர் சொல்லிச் சமர்ப்பணம் வரும், அதுவரை எழுந்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்ப்பது நல்லது, இளமையான முகம் மறந்துவிடக் கூடாது.

குதிரைக் காட்சியில் ரிமோட்டை அப்பாவே வாங்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மெக்கன்னாஸ் கோல்டு பார்க்க சைக்கிளில் பன்னிரண்டு மைல் போனேன்டா” என்றார். பிறகு அவரே பொத்தானை அழுத்தினார், ஈஸ்ட்வுட் மறுபடி ஏறினார்.