ஈ6, ஈ7 புரதங்களை அடக்கிச் சோதிப்பது எப்படி?

கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் எச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸின் ஈ6, ஈ7 புரதங்களை நம்பியே வளர்கின்றன. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பவை பி53, ஆர்பி என்ற புரதங்கள். ஈ6, பி53 புரதத்தைச் சிதைக்க வைக்கிறது. ஈ7, ஆர்பி புரதத்தை முடக்குகிறது. தொற்றில்லாத செல்களில் இவை கிடையாது. சிகிச்சைக்கு இதைவிடத் தெளிவான இலக்கு அரிது.

ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களில், எச்பிவி-16 வகைக்கு சிஹா, எச்பிவி-18 வகைக்கு ஹீலா செல்களை எடுங்கள். வைரஸ் இல்லாத சி33ஏ செல்களையும் கூடவே வளருங்கள். அவையும் அதே அளவில் பாதிக்கப்பட்டால், விளைவு ஈ6, ஈ7ஆல் வந்ததல்ல.

ஆறு குழித் தட்டில் செல்கள் 30–50 சதவீதம் பரவியதும், ஈ7 பகுதியைக் குறிவைக்கும் எஸ்ஐஆர்என்ஏவை (குறிப்பிட்ட எம்ஆர்என்ஏவை அழிக்க வைக்கும் குட்டி ஆர்என்ஏ) 10–30 நானோமோலார் செறிவில் லிப்பிட் கலவையுடன் கொடுங்கள். இரண்டு புரதங்களும் பொதுவான எம்ஆர்என்ஏவிலிருந்து (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) வருவதால் இரண்டும் குறையும். எதையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏ ஒரு குழியில் கட்டாயம் வேண்டும்.

24 மணி நேரத்தில் ஈ6, ஈ7 ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி பிசிஆரில் அளவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வைரஸ் டிஎன்ஏ செல்லின் குரோமோசோமிலேயே பதிந்திருக்கிறது. டிஎன்ஏஸ் நொதி சேர்த்து அதை அழிக்காவிட்டால் பிசிஆர் அதையும் சேர்த்து எண்ணும், எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்யாததுபோலத் தோன்றும். வைரஸ் டிஎன்ஏ மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத மாதிரி ஒன்றையும் ஓட்டுங்கள்.

48–72 மணி நேரத்தில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை). ஈ6 பட்டை தெளிவாக விழுவது கடினம். அதனால் பி53யும், அது தூண்டும் பி21 புரதமும் உயர்கிறதா என்று பாருங்கள்.

ஈ6, ஈ7 இரண்டும் குறைந்தால் செல்கள் பெரும்பாலும் உடனே சாவதில்லை, பிரியாமல் மூப்படைந்து நிற்கும். அதனால் இரண்டாம் நாள் உயிர்ப்புச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். நான்கைந்து நாள் கழித்து மூப்பைக் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயமும், காலனி எண்ணிக்கையும் பாருங்கள்.