போஸ்ட்டாக் சேருமுன் எலியையும் விசாரியுங்கள்

மனித நோயை எலியில் உண்டாக்கி, அந்த எலியையே நோயின் மாதிரியாக வைத்து ஆய்வு செய்யும் லேப்களில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) தேடுகிறவர்கள் பேராசிரியரின் பெயரைப் பார்ப்பார்கள், பேப்பர்களை எண்ணுவார்கள், சம்பளத்தை விசாரிப்பார்கள். எலியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. எதற்காக ஞாயிற்றுக்கிழமைகூட லேபுக்கு ஓடப்போகிறோமோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க 3 வாரம். அது இனப்பெருக்கத்துக்குத் தயாராக இன்னும் 3, 4 வாரம். ஜோடி சேர்ப்பது, மரபணு பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 3 மாதம். குறிப்பிட்ட ஒரு வகை செல்லில் மட்டும் மரபணுவை நீக்கிய எலி வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக் கலப்பு, அதாவது அரை வருடம். அல்சைமர் ஆய்வு என்றால் பல நேரம் அந்த எலிக்கு வயதாகவும் காத்திருக்க வேண்டும்; அதற்கு ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். 2 வருட ஒப்பந்தத்தில் கையில் மிஞ்சுவது 6 மாதம்!

அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எலிகள் இப்போதே கூண்டில் இருக்கின்றனவா? விலங்கு ஆய்வு அனுமதியில் இந்தச் சோதனை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா? “எல்லாம் வந்துகொண்டிருக்கிறது” என்று பதில் வந்தால், மனசுக்குள் ஒரு வருடத்தைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, மாதிரி எலியையே அசல் நோய் என்று நம்பி ஆய்வுத் திட்டம் எழுதுவது. டுஷேன் தசைச்சிதைவு நோயில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் இருக்காது. அந்த நோய்க்கு மாதிரியாக வைத்திருக்கும் எம்டிஎக்ஸ் எலியிலும் அது கிடையாது. ஆனால் நோயுள்ள சிறுவர்களில் பெரும்பாலோர் 12 வயதுவாக்கில் நடக்க முடியாமல் போகிறார்கள். எலியோ கூண்டுக்குள் சாதாரணமாக ஓடித் திரிகிறது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோயின் கதை இன்னும் மோசம். அதன் மாதிரியான எஸ்ஓடி1 எலியில் (பிறழ்ந்த எஸ்ஓடி1 மரபணுவின் பல நகல்களைப் புகுத்திய எலி) 70 மருந்துகளைக் கவனமாகச் சோதித்துப் பார்த்த ஓர் அமெரிக்கக் குழு 2008இல் முடிவை வெளியிட்டது. முன்பு பலன் தந்ததாகப் பேப்பர் வந்த சில மருந்துகளும் அதில் உண்டு. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆண் பெண் வித்தியாசம், ஒரே ஈற்றுக் குட்டிகள் சோதனையின் ஒரே குழுவில் சேர்வது, புகுத்திய மரபணுவின் நகல்கள் குறைந்துபோவது போன்றவற்றைக் கவனிக்காவிட்டால் மருந்து வேலை செய்வதுபோலத் தோன்றிவிடும். உங்கள் மாதிரி எதைக் காட்டாது என்று திட்டத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகவே தெரியும்.

வேலை கேட்டுப் பேராசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் லேபின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கடைசியாக ஃபெல்லோஷிப், அதாவது நாமே விண்ணப்பித்து வாங்கும் ஆய்வு உதவித்தொகை. ஐரோப்பிய உயிரியல் அமைப்பான எம்போ தரும் ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்டி முடித்த 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில் கண்ணி வேறு: பொதுவாக, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. எனவே “முதலில் வந்து சேர், பிறகு விண்ணப்பிக்கலாம்” என்று பேராசிரியர் அன்பாகக் கூப்பிட்டால், சரி என்று சொல்வதற்கு முன் காலண்டரை எடுத்து மாதங்களை எண்ணிவிடுங்கள்.